சின்ன ஹாலுக்கு எத்தனை வாட் போதும்?

செம்பூரில் ஒரு சொசைட்டி ஹால், மாட்டுங்காவில் ஒரு சங்கக் கட்டடம், தாராவியில் ஒரு தேவாலயம். மும்பையில் நம்மவர்களின் இசைக்குழுக்கள் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் இப்படிப்பட்ட இடங்களில்தான் வாசிக்கின்றன. அங்கே கிட்டார்காரர்மேல் வழக்கமாக வரும் புகார்: "பாட்டே கேக்கல, கிட்டார்தான் கேக்குது." அவரிடம் போய்ச் சொன்னால், "சத்தத்தைக் குறைச்சா டோன் செத்துப்போகுது" என்பார். இரண்டும் நியாயமான பேச்சுதான். அந்த இடத்துக்கு அவருடைய ஆம்ப் பெரிது, அவ்வளவே. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சின்னதாக ஒன்று வாங்க நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பார்ப்போம்.

வால்வுக்கு ஏன் அந்தப் பிடிவாதம்?

பழைய ரேடியோவின் முதுகுப்பக்கம் மெல்லிய சிவப்பாக எரிந்த கண்ணாடிக் குழல்கள்தான் வால்வுகள். கிட்டார்காரர்கள் டியூப் என்பார்கள். இஎல்84 என்ற வால்வு ஒருகாலத்தில் ரேடியோக்களில் சர்வசாதாரணம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ரேடியோ வால்வுகளைத் தயாரித்து வந்தது. அதே இஎல்84 இன்றைக்கும் பல சின்ன கிட்டார் ஆம்புகளின் உயிர்நாடி.

டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லை வரை சுத்தமாகப் பாடும். எல்லையைத் தொட்டதும் கரகரவென்று அறுபடும். வால்வு அப்படியில்லை. எல்லை நெருங்க நெருங்க ஒலி மெதுவாக அமுங்கித் திரளும், சுரம் நீண்டு நிற்கும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறும். கமகங்களை இழுத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்கு அந்த நீட்சி பெரிய வரம். ஆனால் பவர் வால்வுகள் உழைத்தால்தான் இது முழுமையாகக் கிடைக்கும். 100 வாட் ஆம்பை அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்குள் ஹால் காலியாகிவிடும். 12 வாட் ஆம்பில் அதே இனிமை, உட்கார்ந்து கேட்கக்கூடிய சத்தத்திலேயே வந்துவிடும். வீதி உலாவுக்கு நாகஸ்வரம், கூடத்துக்கு வீணை என்று நம்மவர்கள் பிரித்து வைத்த கணக்குதான் இதுவும்.

வாட் வேறு, சத்தம் வேறு

50 வாட்டை விட்டு 5 வாட்டுக்கு வந்தால் சத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதை அது சொல்கிறது. 97 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாட் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் கூடும். 1 வாட்டுக்கு 97 என்றால் 2-க்கு 100, 4-க்கு 103, 8-க்கு 106, 16-க்கு 109. 100 வாட் கொடுத்தாலும் 117தான். நம் காதோ ஏறக்குறைய 10 டெசிபல் ஏறினால்தான் "இரண்டு மடங்கு சத்தம்" என்று உணரும். ஆக, 50 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் சத்தம் பாதியாகக் குறையும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறும். செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் 98 டெசிபல், அதே கம்பெனியின் புளூ 100 டெசிபல். வெறும் 2 டெசிபல்தான் வித்தியாசம். ஆனால் அதை வாட்டால் ஈடுகட்ட வேண்டுமானால் ஒன்றரை மடங்குக்கு மேல் தேவைப்படும். ஆம்பின் முகப்பில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்துச் சத்தத்தை முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான்.

பெரிய ஆம்ப் எதற்காக வந்தது?

1960-களில் மேடை ஒலிபெருக்கி பாடகர் குரலுக்கு மட்டும்தான். கிட்டாருக்கு மைக் வைக்கும் பழக்கம் இல்லை; அரங்கை நிரப்ப வேண்டியது ஆம்பின் பொறுப்பு. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே மைதானத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களிடம் 100 வாட் வாக்ஸ் ஆம்புகள் இருந்தன. அப்படியும் ரசிகர்களின் கூச்சல்தான் ஜெயித்தது. தி ஹூ குழுவினர் கேட்டதற்காக மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்ததும் அதே காலத்தில்தான்.

இன்று நிலைமை வேறு. சயான் பக்கத்துச் சண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் அதிகமான இருக்கைகள். அங்கேகூட ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டால், கடைசி வரிசைக்குக் கிட்டாரைக் கொண்டுசேர்ப்பது மிக்ஸர்காரர் வேலை. மேடையில் உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்டால் போதும்.

எந்த அளவு யாருக்கு?

5 வாட் வரை: ஃபெண்டர் சாம்ப், வாக்ஸ் ஏசி4 போன்றவை, ஒரே ஒரு பவர் வால்வுதான். வீட்டுப் பயிற்சிக்கும் ரெக்கார்டிங்குக்கும் அருமை. எரிக் கிளாப்டன் 1970-ல் லேலா ஆல்பத்துக்குச் சாம்ப் வைத்து வாசித்தது பிரசித்தம். கஹோன், தபலா, கீபோர்டு மட்டும் உள்ள குழுவுக்கு இது தாங்கும். குச்சியால் அடித்து வாசிக்கும் டிரம்ஸ் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அதன் பக்கத்தில் 5 வாட் உறுமலாக மட்டுமே கேட்கும், கிளீன் ஒலி கிடைக்காது.

12 முதல் 15 வாட்: ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவர்ப் 12 வாட், இரண்டு 6வி6 வால்வு. ஃபெண்டர் புளூஸ் ஜூனியரும் வாக்ஸ் ஏசி15-ம் 15 வாட், இரண்டு இஎல்84. நூறு பேர் ஹாலுக்கு, அடக்கி வாசிக்கத் தெரிந்த டிரம்மர் இருந்தால், பெரும்பாலோருக்கு இந்த வகையே சரி.

20 வாட்டுக்கு மேல்: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட். பழைய படப்பாடல்கள் வாசிக்கும் மெல்லிசைக் குழுவுக்கு உடையாத, தெளிவான ஒலி கடைசிவரை வேண்டும். பெடல்களை நம்பி வாசிப்பவர்களுக்கும் அப்படியே. மைக் கிடைக்காத மேடை என்றால் இவர்களுக்கு இந்த அளவு தேவைப்படும். 85 வாட் ட்வின் ரிவர்பை ஹாலுக்குள் யோசிக்கவே வேண்டாம்.

எடையையும் பாருங்கள். ட்வின் ரிவர்ப் சுமார் 29 கிலோ. ஏசி15 சுமார் 22 கிலோ, புளூஸ் ஜூனியர் சுமார் 14 கிலோ. வாட் ஒன்றே, சுமை எட்டு கிலோ வித்தியாசம். தோளில் கிட்டாரோடு குர்லாவில் ஹார்பர் லைன் மாறும்போது அந்த எட்டு கிலோ யாரென்று தெரியும்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, டிரம்மர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு வைப்பீர்களோ அவ்வளவு சத்தம் வையுங்கள். எந்த எண்ணில் கிளீன் ஒலி உடையத் தொடங்குகிறது என்று பாருங்கள். 3-லேயே உடைந்தால் மேடையில் கிளீன் கிடையாது. 8 வரை உடையாவிட்டால் உங்கள் ஹாலில் அந்த வால்வுகள் ஒருநாளும் உழைக்கப்போவதில்லை. 4-க்கும் 6-க்கும் நடுவில் உடைந்து, கிட்டாரிலுள்ள வால்யூமைக் குறைத்ததும் மீண்டும் தெளிந்தால் அது உங்களுக்கான ஆம்ப்.

மாஸ்டர் வால்யூம் உண்டா என்றும் கேளுங்கள். புளூஸ் ஜூனியரில் உண்டு, பிரின்ஸ்டனில் இல்லை. அது இருந்தால் குறைந்த சத்தத்திலும் ஓவர்டிரைவ் கிடைக்கும். ஆனால் அந்த உடைசல் முன்பக்கத்துச் சின்ன வால்வுகளில் பிறப்பது. பவர் வால்வின் திரட்சி அதில் இருக்காது. அதுவும் வேண்டும் என்பவர்கள் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டென்யுவேட்டர் என்ற பெட்டியை வைப்பார்கள். ஆம்ப் தரும் சக்தியில் ஒரு பகுதியை அது சூடாக மாற்றிவிடும். சில ஆம்புகளில் இது உள்ளேயே வரும். புகேரா வி5-ல் 5, 1, 0.1 வாட் என்று மூன்று நிலைகள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்பீக்கரோ அதற்கு ஈடான பளுவோ இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

மேடையில் வைக்கும் இடம்

கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகும். தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலைத் தாண்டி முன்வரிசை மாமியின் காதில் விழும். மேலே நிற்கும் உங்களுக்கு மந்தமாகத்தான் கேட்கும், அதனால் இன்னும் ஏற்றுவீர்கள். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, சற்றுப் பின்பக்கம் சாய்த்து, உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். ஏற்ற வேண்டிய தேவையே குறையும்.

கரண்ட், எர்த், பத்து மணி

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. இங்கே 230. போதுமான திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகக் கூடாது. அதன் பிளக் மூன்று பின் கொண்டதாக, எர்த் தொடர்ச்சி உள்ளதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் 230 வோல்ட்தான். அங்கிருந்து வந்ததற்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய கட்டடங்களில் எர்த் சரியில்லை என்றால் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை எடுத்துவிடுவது அதைவிட மோசம். ஆம்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். இரவில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக் கருவிகளுக்கும் தடை உண்டு. மூடிய அரங்கம், சமுதாயக்கூடம் போன்றவற்றில் உள்ளே இருப்பவர்களுக்காக வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது. ராக் ரசிகர்கள் கொண்டாடிய ரங் பவன் திறந்தவெளி மேடையில் கச்சேரிகள் நின்றதே, அது மருத்துவமனை அருகிலிருந்த அமைதி மண்டலம் என்பதால்தான். ஜன்னலைத் திறந்துவைத்து வாசிக்கும் சொசைட்டி ஹால், மூடிய அரங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைக்குப் போவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும். டிரம்மர் குச்சியால் வாசிக்கிறாரா? ஹாலில் கிட்டாருக்கு ஒரு மைக் ஒதுக்குவார்களா? ஆம்பைத் தூக்கப்போவது நீங்களா, டாக்சியா? குச்சி இருக்கிறது, மைக் உண்டு, தூக்குவது நீங்கள்தான் என்றால் 12 முதல் 15 வாட், 15 கிலோவுக்குள் தேடுங்கள். மைக் இல்லை, ஒலியும் உடையக் கூடாது என்றால் 22 வாட். டிரம்ஸே இல்லாத குழு என்றால் 5 வாட். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மைக் வாங்கலாம்.