உங்களுக்குத் தெரியுமா? படகின் அடியில் எந்த சீலன்ட்?

ஃபைபர் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே துளையிட்டு வால்வு பொருத்தும்போது, வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய சிலிகானை எடுத்துவிடாதீர்கள். அங்கே அதன் பிடிமானம் போதாது. சுரண்டிய பிறகும் தங்கும் பிசுக்கின் மேல் பெயின்ட் ஒட்டாது.

த்ரீஎம் 5200 போன்ற பாலியூரித்தேன் ஏறக்குறைய நிரந்தரப் பிடி. பின்னாளில் கழற்றப்போனால் படகின் மேல்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். அதனால், என்றாவது மாற்ற வேண்டிய வால்வுக்குப் பாலிசல்பைடே நல்லது. ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளை அது கெடுத்துவிடும். அவற்றால் ஆன ஜன்னல் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

எதைப் பூசினாலும், இறுக்கும்போது விளிம்பைச் சுற்றி இடைவெளியில்லாமல் பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில்தான் தண்ணீர் நுழையும். 5200 முழுதாக இறுக 5 முதல் 7 நாள் பிடிக்கும். படகை இறக்கும் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.