லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி

மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கொய்யாத் தோப்பில் கிளித் தொல்லை. ஏர்கன் வாங்கினால் லைசென்ஸ் வேண்டுமா?”

வேண்டாம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்டதென்றால் 2016 ஆயுத விதிகள் விலக்கு தருகின்றன. அந்த விலக்கைத்தான் ஆபத்தில்லை என்பதற்கான சான்றிதழாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பொருட்காட்சியில் பலூன் சுட்ட பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஏர்கன் ரவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரியின் உடுக்கையை ஈயத்தில் குட்டியாக வார்த்ததுபோல இடை சிறுத்திருக்கும். எடை அரை கிராம்தான். 20 ஜூல் கிடைத்தால் அது விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் பாயும். கண்ணைத் துளைக்க விநாடிக்கு ஏறக்குறைய 40 மீட்டர் வேகமே போதும். ஜெர்மனியில் அனுமதியின்றி வாங்கும் வரம்பு 7.5 ஜூல், அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு. நம் வரம்பு அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். எனக்கு இது தாராளமாகவே படுகிறது.

இந்தக் கருவியில் நான் வியந்து வியந்து படித்த சங்கதி ஒன்று உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் சூடு வெளியேற நேரமில்லை; உள்ளே காற்று பல நூறு டிகிரிக்குக் கொதிக்கும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதே நடக்கும். எண்ணெய் தானாகப் பற்றி வெடிக்கும். குழல் வாயில் புகை வரும். ரவை, பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் மீறிப் போகும். கண்ட எண்ணெயையும் உள்ளே விடுகிறவர்கள் இதை அறிவதில்லை.

துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டிகளில் சுடுவதும் இதே 4.5 மி.மீ. ரவைதான். ஆனால் அங்கே இலக்கு பத்து மீட்டரில், அதன் பின்னால் தடுப்பு. தோப்பில் கிளியைத் தவறவிட்ட ரவைக்கு எது தடுப்பு? சில நூறு மீட்டர் தள்ளிக் களையெடுக்கிறவர்கள் இருப்பார்கள்.

கிளி சட்டம் காக்கும் பறவை, சுடுவது குற்றம். காயம்பட்டுப் பறந்த பறவையைத் தின்னும் வல்லூறுக்கும் ஈயம் விஷம். உங்களுக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்ததில் அங்கு வாழும் வல்லூறுகளுக்கும் பங்குண்டு. வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கொய்யாவுக்கு வலை போடுங்கள், காய்க்கு உறை கட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏர்கன் இருந்தால் அதையும் ரவையையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். சுட ஆசைப்படும் பிள்ளையை, பயிற்சியாளர் உள்ள ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.