எறும்புக் கடியும் எறும்பின் விஷமும்



கித்தாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஆசிட் புதிதல்ல. பாலை உறைய வைக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றினோமே, அதன் பெயர் பார்மிக் அமிலம். இலத்தீன் மொழியில் 'பார்மிக்கா' என்றால் எறும்பு. 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேய அறிஞர், ஏராளமான எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலம் பிரிக்கப்பட்டதை விவரித்தார். இன்று அது ஆலையில் தயாராகிறது. பெயர் மட்டும் எறும்பினுடையதாகவே நிலைத்துவிட்டது.

மரத்தில் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பை நாம் அறிவோம். ஊரில் முசுறு என்பார்கள், மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். அதற்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கவ்வி, வயிற்றை வளைத்து, கடிவாயில் அந்த அமிலத்தைப் பீச்சுகிறது. எரிச்சல் அதனால்தான்.

நெருப்பெறும்பின் கதை வேறு. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் குடிவந்தவர்களும் அதனிடமிருந்து தப்பவில்லை. வெயில் படும் புல்தரை அதற்குப் போதும். அது கடித்துப் பிடித்துக்கொண்டு, வால்பக்கக் கொடுக்கால் கொட்டுகிறது. அந்த விஷத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் அல்கலாய்டு என்னும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள். மிளகுக்குக் காரம் தரும் பொருளுக்கும் இவற்றுக்கும் தூரத்து உறவு உண்டு! மிச்சமுள்ள சொற்பப் பங்கு புரதம்.

எறும்புகள் குளவி இனத்திலிருந்து 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்து வந்தவை. முட்டையிடும் குழாய்தான் கொடுக்காக மாறியது. ஆகவே ஆண் எறும்பு கொட்டுவதில்லை. இரையை மயக்கப் புரத விஷத்தை வைத்துக்கொண்ட எறும்புகள் இன்றும் உண்டு. நெருப்பெறும்பு அல்கலாய்டுக்கு மாறியது. முசுறின் முன்னோர்கள் கொடுக்கையே இழந்து, அமிலத்தைப் பீச்சக் கற்றன.

கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் பழக்கம். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நெருப்பெறும்பின் விஷம் அமிலமே அல்லவே! தோல் புண்ணாவதுதான் மிச்சம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் போதும். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது.

அந்தச் சொற்பப் புரதம்தான் சிலருக்கு ஆபத்தாகிறது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் கண்டால் வேப்பிலை அடித்துக்கொண்டு நேரம் போக்காமல், உடனே 999ஐ அழைக்க வேண்டும். அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. ஒருமுறை இப்படி வந்தவருக்கு மறுமுறையும் வரலாம் என்பதால், வீட்டில் உள்ளவர்களும் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் அதை அறிந்திருக்க வேண்டும்.