கோவை வெயிலுக்கு எந்த ஃபஸ் பெடல்? பட்ஜெட்டில் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பி சாட்டியாச்சு என்றால் ஊருக்குள் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் விடியக்காலை ஐந்து மணிக்கே பாட்டு ஆரம்பிக்கும். யாராவது ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மேல் திருகிவிட்டால், பாடகரின் குரல் கிழிந்து 'கர்ர்' என்று வரும். "சவுண்ட கொஞ்சம் கொறைங்கப்பா" என்று ஒரு சத்தம் கேட்கும் வரை அது ஓயாது.

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் இதே கிழிசலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காலால் மிதித்து ஆன் செய்யும் அந்தக் குட்டிப் பெட்டிதான் ஃபஸ் பெடல்.

முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்கிய சரவணம்பட்டி ஐடி ஊழியர், பீளமேட்டுக் கல்லூரி பேண்ட், சர்ச் குழு, நோம்பிக்கு வாசிக்கப் போகும் மெல்லிசைக் குழு என யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இதுதான்: கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, எதை வாங்குவது? ஆன்லைனில் தேடினால் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பெட்டி. இன்னொரு பக்கம் 'அசல் ஜெர்மானியம்' என்று அதைப்போல் பல மடங்கு விலையில் ஒரு பெட்டி. விலை அதிகமானதுதான் நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனா, கோவையில் வாசிப்பவருக்கு மலிவான சிலிக்கான் பெடலே பல வகையில் பொருத்தம். அதற்குக் காரணம் வெயில்.

ரிப்பேரில் பிறந்த சத்தம்

இந்தச் சத்தத்தைப் பிரபலமாக்கியதே ஒரு கோளாறுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடல் பதிவாகிக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் பாட்டு ஹிட். அதே சத்தம் வேண்டும் என்று மற்றவர்களும் கேட்க ஆரம்பிக்க, பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதற்கென ஒரு சர்க்யூட் உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் அதை 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் பெரிதாக வரவேற்பு இல்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டு லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்த வட்டப் பெட்டி அதுதான். 1960-களின் கடைசியில் நியூயார்க்கிலிருந்து 'பிக் மஃப்'. இன்று கடைகளில் கிடைக்கும் ஃபஸ் பெடல்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பங்களின் வாரிசுகளே.

உள்ளே நடப்பது ஒன்றும் மாயமில்லை. கிட்டாரிலிருந்து வரும் அலை, மலை மாதிரி ஏறி இறங்கும். டிரான்சிஸ்டர் அதைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கி, உச்சியையும் அடியையும் வெட்டிவிடும். மலை மொட்டை மாடியாகிவிடும். அந்த வெட்டில் அசல் ஸ்வரத்துக்கு மேலே பல துணைச் சுரங்கள் பிறக்கின்றன. தம்புராவில் தந்திக்கடியில் ஒரு நூலைச் செருகி 'ஜீவா' பிடிப்பார்களே, வழி வேறு என்றாலும் காதுக்குக் கிடைக்கும் அந்த ரீங்காரம் இதற்குத் தூரத்து உறவு.

ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டில் இருப்பது 2 டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், சில கெபாசிட்டர். மொத்தமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். பல மடங்கு விலை கொடுக்கும்போது அந்தக் காசு பெரும்பாலும் பெயருக்கும் பெட்டிக்கும், பொறுக்கி எடுத்த பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கும்தான் போகிறது.

ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது

ஆரம்பகால பெடல்கள் எல்லாமே ஜெர்மானியம். மென்மையான, கொஞ்சம் கனிந்த சத்தம் என்று இன்றும் அதைத் தேடுபவர்கள் உண்டு. கிட்டாரின் வால்யூம் நாபைக் கொஞ்சம் குறைத்தால் அழுக்கு முழுக்க விலகி, தெளிந்த சத்தம் வருவது அதன் தனி அழகு. அந்தப் புகழ் பொய்யில்லை.

ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில், அணைத்திருக்க வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிரான லண்டன் அறையில் சரியாக ட்யூன் செய்த பெடல், சித்திரையில் 36, 37 டிகிரி காட்டும் கோவைக்கு வந்தால் நிலைமாறிவிடும். ஸ்வரம் முழுசா நிற்காது. துப்புவது மாதிரி பாதியில் அறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் கொஞ்சம் காப்பாற்றலாம். 40 டிகிரியைத் தொடும் ஈரோடு, கரூர் பக்கம் கச்சேரிக்குப் போகும்போது, பகல் முழுக்க வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து அந்தப் பெடலை எடுத்து மேடையில் வைத்தால்?

சிலிக்கானில் இந்தக் கசிவு கணக்கிலேயே எடுக்க வேண்டாத அளவு. சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், சில சர்க்யூட்டுகள் ரேடியோ அலையைக்கூடப் பிடித்துத் தொலைக்கும். ஆனா காலையிலும் ராத்திரியிலும் ஒரே சத்தம். ஹெண்ட்ரிக்ஸே பின்னாளில் சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்கு மாறியவர் என்பதை ஜெர்மானியம் பக்தர்கள் அதிகம் சொல்வதில்லை.

எந்தப் பெட்டி?

சின்ன பட்ஜெட்டில் அதிகம் கிடைக்கும் பெயர் பெரிங்கர் எஸ்எஃப்300. 1990-களில் வந்த பாஸ் 'ஹைப்பர் ஃபஸ்' பெடலின் நகல் இது. அந்த பாஸ் பெடலே 1960-களின் ஜப்பானிய 'சூப்பர் ஃபஸ்' வழி வந்தது. மூன்று மோடு, பேஸ், ட்ரெபிள் தனித்தனி. சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் விலை தெரியாது. கண்ணைத் திறந்தால் பிளாஸ்டிக். பேட்டரி மாற்ற, பேனா முனையால் இரு பக்கமும் அழுத்தி மிதிப் பலகையைக் கழற்ற வேண்டும். மேடையில் அவசரத்துக்கு அது நடக்காது. வீட்டில் பழக, ரெக்கார்டிங் செய்ய இது போதும். வாரம் இரண்டு கச்சேரி என்றால் உலோகப் பெட்டி பாருங்கள்.

அடுத்த படி, பிக் மஃப் குடும்பம். நீண்டு நிற்கும், அடர்த்தியான சத்தம். தனியாக வாசிக்கும்போது ராஜா மாதிரி இருக்கும். குழுவில் கீபோர்டு, பேட், பேஸ் எல்லாம் சேர்ந்ததும் ஆளையே காணோம். காரணம், கிட்டார் காதில் விழ வேண்டிய நடு அலைவரிசையைத்தான் அந்த டோன் சர்க்யூட் குறைக்கிறது. மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர் வாங்கினால், ஆம்பில் மிட் நாபைத் தூக்கி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். நடு அலைவரிசையை மாற்றும் ஸ்விட்ச் உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஃபஸ் ஃபேஸ் வகையின் மலிவான சிலிக்கான் நகல்களும் சின்ன உலோகப் பெட்டியில் கிடைக்கின்றன. குழுவில் இது நன்றாகவே வெட்டித் தெரியும். ஒரு நிபந்தனை: கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக இதற்குள்தான் போக வேண்டும். நடுவில் வயர்லெஸ்ஸோ பஃபர் உள்ள ட்யூனரோ இருந்தால் சத்தம் கீச்சென்று மாறி, வால்யூம் நாப் வித்தையும் வேலை செய்யாது. 'பெடல் சரியில்லை' என்று திருப்பி அனுப்பும் முன் இந்த வரிசையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் யோசனை இருந்தால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பட்ஜெட் பெடல் என்ற பெயரே அடிபட்டுப்போகும்.

கிரைண்டர் ஓடும் வீடு

ஃபஸ்ஸுக்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே வருவது எதுவோ அதைப் பெருக்கும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலையும் சேர்த்து எடுத்துவரும். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது. அடுக்களையில் மாவு ஆடும்போது ஃபஸ்ஸை மிதித்தால் அந்த மோட்டாரும் கச்சேரியில் கலந்துகொள்ள வாய்ப்புண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு அடுத்த வீடு என்றால் சொல்லவே வேண்டாம். எர்த் சரியாக உள்ள பிளக், ஹம்பக்கர் பிக்கப், மோட்டாரிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவது எல்லாம் உதவும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ் அடாப்டர். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு ரௌட்டர் அடாப்டரைச் செருகினால் பெடலின் கதை அன்றே முடியலாம். பழைய பாணி ஜெர்மானியம் பெடல்கள் சில பாசிட்டிவ் கிரவுண்டில் ஓடுபவை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரைப் பங்கிட்டால் ஷார்ட் ஆகும்.

அபார்ட்மென்ட்டில் ஆம்ப் இல்லாமல், இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்போனில் மட்டும் வாசிப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கிட்டார் ஸ்பீக்கர் மேல் அலைவரிசைகளைத் தானாகவே அமுக்கிவிடும். அது இல்லாமல் ஃபஸ்ஸை நேராகக் கேட்டால் காதுக்குள் கொசு. லேப்டாப்பில் ஸ்பீக்கர் கேபினட் சிமுலேஷன் போட்டாக வேண்டும். பல மல்டி எஃபெக்ட்ஸிலும் டிஜிட்டல் ஆம்பிலும் ஃபஸ் ஏற்கனவே இருக்கிறது. இரண்டு வாரம் அதில் வாசித்து, எந்தக் குடும்பம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவதில் நஷ்டமில்லை.

சோல்டரிங் தெரிந்தால்

ஈசிஈ படித்தவர்களுக்கு இன்னொரு வழி. பிசி547 டிரான்சிஸ்டர் சில ரூபாய்தான். சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்கான பாகங்களைச் சில நூறு ரூபாயில் சேர்த்துவிடலாம். டிவி, ரேடியோ உதிரிபாகக் கடைகளில் பெரும்பாலானவை கிடைக்கும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். தேடி அலைய வைப்பது 3பிடிடி என்ற ஒன்பது கால் மிதி ஸ்விட்ச் மட்டும்தான். அதை ஆன்லைனில் வாங்கிவிடுவது சுலபம். 'அசல் ஜெர்மானியம்' என்று மலிவாக வரும் டிரான்சிஸ்டர்களில் பெயர் மாற்றி அச்சடித்தவையும் கலந்திருக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

அலுமினியப் பெட்டியில் நாபுக்கும் ஜாக்குக்கும் ஓட்டை போடுவதற்கு இந்த ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை. எந்தத் தெருவிலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். ஸ்விட்சுக்கு 12 மில்லிமீட்டர் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.