உஷார்! மூட்டுவலிப் பொட்டலத்துக்குள் ஸ்டீராய்டு

மூட்டுவலிக்குப் பொடியோ உருண்டையோ வாங்கித் தின்று இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று வீட்டில் யாராவது சொன்னால், உடனே அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இருக்கிறதா? லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி? ஒன்றுமே இல்லாமல் வெறும் கவரில் மடித்துத் தந்திருந்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோனையோ பீட்டாமெத்தசோனையோ பொடித்து மூலிகைத் தூளில் கலந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இந்த மோசடி உலகெங்கும் நடக்கிறது. 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுவலி மாத்திரையில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபினாக்கும் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் எச்சரித்தது.

முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களையோ வர்மம் கற்ற ஆசான்களையோ நான் குறை சொல்லவில்லை. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே போகலாம். நான் பயப்படுவது பெயரில்லாத பொட்டலத்துக்கு. முடக்குவாதத்தைக் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம்.

ஏமாற வைப்பது இதுதான்: பொடி தின்ற ஓரிரு மாதத்தில் முகம் உருண்டு பளபளக்கும். பசி எடுக்கும். "உடம்பு தேறிப்போச்சே மக்களே, நல்ல மருந்துதான்" என்று அக்கம்பக்கம் சொல்லும். அந்த உருண்ட முகம்தான் ஸ்டீராய்டின் அடையாளம். பின்னாலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், எளிதில் தொற்றும் நோய்கள் வரும். மூட்டு உள்ளே அரிப்பது அதுபாட்டுக்கு நடக்கும். வலி தெரியாததால் நமக்குத் தெரியாது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் தின்றுகொண்டிருப்பவர்கள் இதைப் படித்த பயத்தில் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

ஏன் இந்தப் பொட்டலத்தைத் தேடிப் போகிறோம் என்பது தெரிந்ததே. சரவாங்கி என்கிற முடக்குவாதத்தில் விரல்கள் காலையில்தான் அதிகமாக மரத்து இறுகும். ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட மடங்காது. நம் குமரி மாவட்டத்துப் பிழைப்போ விடியற்காலைப் பிழைப்பு. தோவாளையில் பூக் கட்டும் பெண்ணுக்கு நார் விரலில் நிற்காது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கத்தி பிடிபடாது. கூலி போகிறது. டாக்டர் எழுதிய மருந்துக்கு மாதாமாதம் காசு வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலம் தெய்வமாகத் தெரிகிறது.

ஆனால் மருந்து என்றாலே விலை அதிகம் என்ற பயம் பாதி பொய். இந்த நோய்க்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் எல்லாம் பழைய மருந்துகள். காப்புரிமை எப்போதோ முடிந்தவை. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிந்து காட்டி, எது இலவசமாகக் கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். அங்கே இல்லாததற்கு 'ஜன் ஔஷதி' என்கிற மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம். மக்கள் மருந்தகத்தில் விலை 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்கிறது அரசு. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் விலையும் பக்கத்துக் கடையும் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி உட்கார வேண்டாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அது கைகொடுக்கும், மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பொதுவாக வராது.

கடை மாறும்போதுதான் அடுத்த ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து, வாயெல்லாம் புண்ணாகி, ஆளே போய்விடலாம். போயிருக்கிறார்கள். மாத்திரைப் பட்டையை உற்றுப் பாருங்கள்: 2.5, 7.5, 10, 15 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது. 2.5இல் நான்கு போட்டுப் பழகியவர், மலிவாகக் கிடைத்த 10 மில்லிகிராம் பட்டையிலும் அதே நான்கைப் போட்டால் 40 மில்லிகிராம்! கூடத் தரும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைதான், கண் மங்கிய அம்மைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வாரத்தில் எந்த நாள் என்று பட்டையின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். அந்த ஒருநாள் மாத்திரையைத் தனி டப்பாவில் வையுங்கள். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது.

பழைய மாத்திரைகளுக்கு அடங்காதவர்களுக்குத்தான் விலை உயர்ந்த உயிரி ஊசிகள். 2014 டிசம்பரில் சைடஸ் கம்பெனி அடாலிமுமாப் ஊசியை இங்கேயே தயாரித்து, அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்க வந்தது. அப்படியும் கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. டோஃபாசிட்டினிப் மாத்திரையை இப்போது உள்நாட்டுக் கம்பெனிகள் பல போடுகின்றன. ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. நாலு கடையில் விசாரித்தே வாங்குங்கள். ஊசியோ இந்த மாத்திரையோ, தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உடம்பில் உறங்கும் காசநோயை இவை எழுப்பிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு ஊசி என்று யாராவது படம் அனுப்பினால் பணம் போடாதீர்கள். அந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். பஸ் பார்சலில் வெயிலில் கிடந்து வந்தது உண்மையான மருந்தாகவே இருந்தாலும் பயனில்லாமல் போகலாம். பில் தராத கடையில் எதையும் வாங்காதீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் தேசிய மருந்து விலை ஆணையத்தின் 1800 111 255 எண்ணுக்குப் பேசுங்கள். பெயரில்லாத பொடி விற்கிறவரைக் கண்டால் நாகர்கோவிலில் மருந்து ஆய்வாளரிடம் பொட்டலத்தோடு புகார் கொடுங்கள். மிச்சப் பொடியைக் கீழே கொட்டிவிடாதீர்கள், சோதனைக்கு அதுதான் வேண்டும்.