சீனியர்களே, பேனாவை எடுங்க!

கல்லூரி திறந்தாச்சு. கிளாம்பாக்கத்தில் பஸ்சை விட்டு இறங்குகிறான் ஒரு பையன். தோளில் பை. கையில் சர்டிபிகேட் பைல். சென்னைக்குப் புதுசு.

கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், "போனபைடு வாங்கிட்டு வா" என்கிறார் கிளார்க். போனபைடு என்றால் என்ன? யாரிடம் வாங்குவது? பையன் திருதிரு என்று விழிக்கிறான். வீட்டுக்குப் போன் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அப்பா, அம்மா கல்லூரி வாசலை மிதித்ததே கிடையாது.

அதே காம்பவுண்டில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கோ எல்லாம் அத்துப்படி. போன வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதுதான்.

அதை எழுதி வைத்தால் என்ன?

20 பக்கம் போதும்

பெரிய புத்தகம் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் அடிக்கிற மாதிரி 20 பக்கம் போதும். கல்லூரி கொடுக்கும் காலண்டரில் விதிமுறை இருக்கும். எந்த ஜன்னல், எந்த நேரம் என்பது இருக்காது.

இதை ஒருத்தரே எழுதினால் சரிப்படாது. ஹாஸ்டல் பையனுக்கு மெஸ் பில் கணக்கு தெரியும். ரெயிலில் வருகிறவனுக்கு சீசன் டிக்கெட் சலுகை தெரியும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்குத்தான் இங்கிலீஷ் பாடத்தைச் சமாளிக்கும் வழி தெரியும். பெண்கள் ஓய்வறை எங்கே, இருட்டினால் எந்த வழியாக பஸ் ஸ்டாப் போவது என்பதை மாணவிகள்தான் எழுத வேண்டும்.

எழுதியதை ஆபீஸ் கிளார்க்கிடமும், நூலகரிடமும் காட்டித் திருத்துவது முக்கியம். தப்பான தகவல் பையனை இன்னும் நாலு நாள் அலைய வைத்துவிடும்!

மாதம் ரூ.1,000

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து வந்த மாணவிகளுக்கு 2022-ல் "புதுமைப் பெண்" திட்டம் வந்தது. மாணவர்களுக்கு 2024-ல் "தமிழ்ப் புதல்வன்" வந்தது. மாதம் ரூ.1,000 நேராக வங்கிக் கணக்குக்கு வரும் திட்டங்கள் இவை. மனு கல்லூரி மூலமாகப் போக வேண்டும். யாரைப் பார்ப்பது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்ததும் மாணவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்தது. இதுவும் பலருக்குத் தெரியாது.

75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதில் சிக்கல் வரும். இதைக் கடைசி மாதத்தில் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ராகிங்கா? போன் போடு!

1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டபோது தமிழகமே அதிர்ந்தது. அதையடுத்து வந்ததுதான் 1997-ம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம்!

புகார் சொல்ல இலவச போன் எண்: 1800-180-5522. இதை அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும். அதுவும் சீனியர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தால், புதுசாக வருகிறவனுக்குப் பாதி பயம் போய்விடும்.

கடைசி 2 பக்கத்தைக் காலியாக விடுங்க. இந்த வருஷம் வந்தவர்கள், தாங்கள் பட்டதை அடுத்த வருஷத்துக்கு எழுதட்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளையும் பிழைக்க வேண்டாமா?