அற்பப் பிழை எனப்படுவது: செய்நிரல்மொழி ஆவணங்களில் உருவமும் உள்ளடக்கமும்

உருவம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கிடையிலான உறவு பற்றிய விவாதம் ஈழத்து இலக்கிய விமர்சனத்திற் புதியதன்று. உள்ளடக்கமே முதன்மையானது என முற்போக்கு அணியினர் வற்புறுத்தியபோது, அதனை உருவத்தைப் புறக்கணிக்கும் வாதமாகத் திரித்துக் கூறியோரும் உளர். இவ்விவாதத்தைச் சற்றே எதிர்பாராத களமொன்றில் வைத்து நோக்குவது பயன்தரும். கணினிச் செய்நிரல்மொழிகளின் விளக்க ஆவணங்களில் நேரும் குறியீட்டுப் பிழைகளும், அவற்றைத் திருத்துவோரது உழைப்புமே இங்கு ஆராயப்படுவன. இப்பிழைகள் அற்பமானவை என்பது தொழில்நுட்ப வட்டாரங்களிற் பரவலாக நிலவும் எண்ணம். அவ்வெண்ணத்தின் அடிப்படை யாது என்பதே நமது வினா.

குறியீடு இடுதல் என்பது அச்சகத்திலிருந்து வந்த வழக்கம். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், எது தலைப்பு, எது சாய்வெழுத்து என அச்சுக்கோப்பாளருக்குக் காட்டும் அடையாளங்களை இடுவர். பிரதி எழுதுவோரும் எழுத்துக் கோப்போரும் வெவ்வேறானோர்; ஒருவரது பிழையை மற்றவர் பிடிக்கும் வாய்ப்பும் இருந்தது. கணினி இவ்வுழைப்புப் பிரிவினையைக் கலைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸை உருவாக்கியோர், உரை தயாரிக்கும் முறைமையொன்றை ஆக்கித் தருவதாகக் கூறியே புதிய கணினியைப் பெற்றனர். அதன் முதற் பயனாளர், நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டெழுதிய பிரிவினர். யூனிக்ஸ் கைநூலின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. அதுவும் அவ்வுரைக்கருவி கொண்டே அமைக்கப்பட்டது. உரைக்கருவி காப்புரிமைத் தேவையின் பின்புலத்தில் வளர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. மறுபுறம், இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1978–79இல் ஏறத்தாழ ஓராண்டு வெளிவராது நின்றமைக்கும், 1986இல் வாப்பிங் பிணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுத் தொழிலாளர் வேலையிழந்தமைக்கும் கணினிவழி எழுத்துக்கோப்பே மையப் பிரச்சினையாயிருந்தது. அச்சுக்கோப்பாளர் வெளியேறினார், அவரது வேலை எழுதுவோரின் தலையில் விழுந்தது.

இனி, பைதன் என்னும் செய்நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். 1989இல் நெதர்லாந்தில் குய்டோ வான் ரொஸ்ஸம் தொடக்கிய இம்மொழியின் ஆவணங்கள் நெடுங்காலம் லாடெக் என்னும் அச்சுக்குறியீட்டு முறையில் எழுதப்பட்டன.  2007இல் கியோர்க் பிராண்டில் அவற்றை எளிமையான வேறொரு குறியீட்டு முறைக்கு மாற்றினார். அதனைப் பக்கங்களாக ஆக்கும் ஸ்பிங்ஸ் என்னும் கருவி 2008இல் வெளிவந்தது. புதிய முறையில் மூலப்பிரதி ஏறக்குறையச் சாதாரண உரைநடை போன்றே தோன்றும். இதுவே அதன் சிறப்பு. இதுவே அதன் அபாயமும். லாடெக்கிற் கட்டளை கட்டளையாகவே தெரியும். இங்கோ ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, ஒரு மேற்கோட்குறி ஆகியனவே கட்டளைகள். உரையின் நிறுத்தக்குறிகளிலிருந்து அவற்றைக் கண் எளிதிற் பிரித்தறியாது.

சில உதாரணங்களைப் பார்ப்போம். இரு புள்ளிகள், ஓர் இடைவெளி, எச்சரிக்கை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல், அதன்பின் இரட்டை முக்காற்புள்ளி (::) — பக்கத்தில் எச்சரிக்கைப் பெட்டியொன்றைத் தோற்றுவிக்கும் வாய்பாடு இது. முக்காற்புள்ளிகளுள் ஒன்று விடுபட்டால் கருவி அதனைப் பிழையாகக் கொள்வதில்லை. எழுதுவோர் தமக்கெனக் குறித்துவைத்த உட்குறிப்பு என்றே கொண்டு, அவ்வரியையும் அதன்கீழ் உள்தள்ளி எழுதப்பட்ட பந்தியையும் பக்கத்திலிருந்து முற்றாக நீக்கிவிடும். பைதனில், பொருள்களைக் கோப்பிற் சேமித்து மீட்டெடுக்க உதவும் பிக்கிள் என்ற பகுதிக்குரிய ஆவணத்தில், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த தரவை இதன்மூலம் மீட்டெடுக்கலாகாது, அது கணினியிற் தீய கட்டளைகளை இயக்கக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. அங்கே ஒரு முக்காற்புள்ளி தவறுமாயின், வாசகர் முன்னுள்ள பக்கம் அழகாகவும் முழுமையாகவுமே தோன்றும். எச்சரிக்கை மட்டும் இராது. உருவப் பிழை உள்ளடக்கத்தை விழுங்கிவிடுகின்றது.

இடப்பக்கம் சாய்ந்த மேற்கோட்குறியை இருபுறமும் இவ்விரண்டாக இட்டால், இடைப்பட்டது தட்டெழுத வேண்டிய சொல் என்ற பொருளிற் தனி எழுத்துருவிற் தோன்றும். ஒவ்வொன்றாக இட்டால் வெறும் சாய்வெழுத்தாகும். இதனினும் நுண்ணியது சிறுகோட்டுப் பிரச்சினை. கட்டளைகளோடு சேர்க்கும் தெரிவுகள் பல இரட்டைச் சிறுகோட்டுடன் தொடங்குவன. அவற்றை முறைப்படி குறியிடாது சாதாரண உரையில் எழுதினால், ஆங்கில அச்சு மரபு கற்பிக்கப்பட்ட கருவி அவ்விரண்டையும் இணைத்து ஒரு நீள்கோடாக்கிவிடும். வாசகர் அதனைப் பிரதிசெய்து இட்டால் கணினி ஏற்காது. யூனிக்ஸ் வழிவந்த கைநூல்களிலும் சிறுகோட்டுக்கும் கழித்தற் குறிக்குமிடையே இதே குழப்பம் உண்டு. குரோஃப் என்ற அச்சுக்கருவியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்விரண்டையும் கண்டிப்பாக வேறுபடுத்தியபோது, ஆயிரக்கணக்கிற் தேங்கிய பழைய பிரதிகளைத் திருத்துவது எளிதன்று என்பதால், டெபியன் அவ்வேறுபாட்டைத் தன் பதிப்பில் நீக்கியே வெளியிட்டது.

தமிழ்ப் பதிப்புவரலாறு அறிந்தோர்க்கு இது முற்றிலும் அந்நியமான நிலையன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஆற்றிய பணியிற் பெரும்பகுதி இக்குறைகளை நிரப்பியதே. ஆயின் ஒப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் தகாது. ஏட்டை வாசிப்பவர் மனிதர். சூழலிலிருந்து புள்ளியை ஊகித்துக்கொள்வார். ஆவண மூலப்பிரதியின் முதல் வாசகனோ இயந்திரம். அது ஊகிப்பதில்லை, ஊகிக்காததைச் சொல்வதுமில்லை.

இப்பிழைகள் யாரைப் பாதிக்கின்றன? பயின்ற செய்நிரலாளர் நீள்கோட்டைக் கண்டதும் இரட்டைச் சிறுகோடு என அறிவார். அறியாவிடினும் அருகிலிருக்கும் சக ஊழியரைக் கேட்பார். ஆசிரியரோ நிறுவனமோ துணையின்றி, ஆவணத்தை மட்டுமே நம்பிக் கற்பவர், பிழை தம்முடையதென்றே எண்ணுவார். அறிவுக்கான வழிகள் ஏற்கெனவே யாருக்குக் குறுகலாயுள்ளனவோ, அவர்மீதே இப்'அற்பப்' பிழையின் சுமை முழுவதும் விழுகின்றது. அற்பம் என்ற மதிப்பீட்டை வழங்குவோர் பெரும்பாலும் முதல்வகையினரே என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

திருத்தும் பணியிற் சிறுபகுதியை இயந்திரம் செய்கின்றது. பைதன் ஆவணங்களுக்கென எழுதப்பட்ட சோதனைக் கருவியொன்று பின்னர் ஸ்பிங்ஸ்-லின்ற் என்ற பெயரிற் தனியாகப் பிரிந்தது. ஒற்றை முக்காற்புள்ளி, தனி மேற்கோட்குறி, குறியை ஒட்டி இடைவெளியின்மை முதலியவற்றை அது சுட்டிக்காட்டும். ஆனால், சாய்வெழுத்தில் நிற்கும் ஒரு சொல் அப்படியே தட்டெழுதவேண்டிய கட்டளையா, வாசகர் தம் பெறுமதியை இடவேண்டிய இடமா என்பதை அது தீர்மானியாது. அதற்கு ஆவணத்தை விளங்கி வாசிக்கும் மனிதர் வேண்டும். ஆக்கப்பட்ட பக்கத்தை மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பழைய பதிப்புகளிலும் அதே பிழை உண்டா என நோக்குதல் வேண்டும்.

இவ்வுழைப்பு எவ்வாறு மதிக்கப்படுகின்றது? பைதனுக்குப் பங்களித்தோர் பெயர்ப்பட்டியலில், உருவாக்குநர் வழிகாட்டியின்படி, அற்பமல்லாத பங்களிப்புகளே இடம்பெறும். சிறு ஆவணத் திருத்தங்களுக்கு 'செய்தி தவிர்க்க' எனப் பொருள்படும் சீட்டு ஒட்டப்படும். மாற்றங்களின் வரலாற்றுப் பட்டியலில் அவை தோன்றா. இம்மொழியைப் பயன்படுத்திப் பெருநிறுவனங்கள் இலாபமீட்டுகின்றன. அவற்றுட் சில உருவாக்குநர் சிலருக்கு ஊதியம் அளிப்பதும் உண்மையே. ஆவணத்தின் முக்காற்புள்ளிகளைத் திருத்துவோரோ பெரும்பாலும் ஊதியமற்ற தன்னார்வலர். டெக் முறையை ஆக்கிய டொனால்ட் நுத் வேறொரு மரபைக் காட்டினார். தம் நூல்களிற் பிழையொன்றை முதலிற் கண்டவருக்கு 2.56 டொலர் காசோலை அனுப்பினார். அச்சுப்பிழைக்கும் கருத்துப்பிழைக்கும் அதில் வேறுபாடில்லை. பெற்றோர் பலர் அதனை மாற்றாது சட்டமிட்டு வைத்தனர். (வங்கி மோசடி அச்சத்தால் 2008இல் அவர் உண்மைக் காசோலையை நிறுத்திக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழை வழங்கத் தொடங்கினார்.) இது ஊதியமன்று, தனிமனிதர் ஒருவரின் பெருந்தன்மை. எனினும் உழைப்பு உழைப்பென ஏற்கப்பட்டது.

திருத்தத்திற்கும் ஒரு விலை உண்டு. பைதன் ஆவணங்கள் யப்பானியம், பிரெஞ்சு, கொரியம் முதலிய மொழிகளில் தன்னார்வலராற் பெயர்க்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பு பந்தி பந்தியாக மூலத்துடன் பிணைக்கப்பட்டிருப்பதால், ஆங்கிலப் பந்தியில் ஒரு மேற்கோட்குறியைச் சேர்த்தாலும் அதன் பெயர்ப்பு ஐயத்துக்குரியதெனக் குறிக்கப்படும். சொல் எதுவும் மாறாதிருந்தும் அப்பந்தி பிறமொழி வாசகருக்கு மீண்டும் ஆங்கிலத்திலேயே தோன்றும்; மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து அதே குறியைத் தம் மொழிப் பந்தியிலும் இட்டு, ஐயக்குறியை நீக்கும்வரை.